பின் டிஸ்க் பிரேக் காலிப்பர் சர்வீஸ்: குமரி மாவட்டத்து வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் இருக்கும் எங்கள் வர்க்‌ஷாப்புக்குக் குளச்சல், முட்டம் கடற்கரை வண்டிகளும் வரும், குலசேகரம், பேச்சிப்பாறை மலைப்பக்கத்து வண்டிகளும் வரும். கொஞ்ச வருடங்களாகப் பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்கள் பெருகிவிட்டன. கூடவே ஒரே மாதிரியான சந்தேகங்களும் பெருகிவிட்டன. நேரிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். ஒரு மணி நேரச் சுத்தம் செய்யாமல் விட்டதற்காகப் புதுக் காலிப்பர் வாங்கப் பணம் தேடுகிறவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி, எங்க வண்டில பின்னாடி டிஸ்க்கா டிரம்மான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?

அலாய் வீல் என்றால் கம்பிகளுக்கு நடுவே பாருங்கள். பளபளவென்று ஒரு வட்டத் தட்டும், அதைக் கவ்விப் பிடித்தபடி ஒரு இரும்புக் கட்டியும் தெரிந்தால் டிஸ்க். சட்டி கவிழ்த்த மாதிரி மூடியிருந்தால் டிரம். ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் பின்னால் டிரம்தான். கிரெட்டா, செல்டோஸ் மாதிரி வண்டிகளில் பல மாடல்களுக்குப் பின்னாலும் டிஸ்க் வருகிறது. கீழே எழுதியிருப்பது டிஸ்க் உள்ளவர்களுக்கு மட்டும்.

காலிப்பர் காலிப்பர்னு எல்லாரும் சொல்லுறாங்க, அது என்னதான் செய்யுது?

டிஸ்க்கைக் கவ்விப் பிடித்திருக்கும் அந்த இரும்புக் கட்டிதான் காலிப்பர். உள்ளே ஒரு பிஸ்டன் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்பக்க பேடை, அதாவது டிஸ்க்கில் உரசித் தேயும் கட்டையை, டிஸ்க்கின் மேல் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் ஸ்லைடு பின் என்கிற இரண்டு கம்பிகளின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்தும். ஆக, பிஸ்டனும் நகர வேண்டும், காலிப்பரும் நகர வேண்டும். இரண்டில் எது நின்றாலும் கோளாறுதான்.

பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அது முறுகும், அழுத்தம் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி பிஸ்டனையும் மயிரிழை அளவு இழுத்துக்கொள்ளும். அந்த மயிரிழை இடைவெளியில்தான் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது.

வேலை பூரா முன் பிரேக்தான் பாக்குது, பின்னே பின் காலிப்பர் ஏன் முதல்ல ஜாம் ஆகுது?

வேலை குறைவு என்பதால்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. தேவையான பிடிப்பில் பாதிக்கு மேல் முன் சக்கரங்களே கொடுத்துவிடுகின்றன. முன் டிஸ்க் நன்றாகச் சூடாகும், ஈரம் காயும், துரு உரசிப் போய்விடும். பின் டிஸ்க் லேசாகத்தான் சூடாகும். அதில் படிந்த ஈரமும் உப்பும் அப்படியே தங்கிவிடும்.

இன்னொரு காரணம் ஹேண்ட் பிரேக். பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கின் லீவரும் திருகாணியும் பின் காலிப்பருக்குள்ளேயேதான் இருக்கின்றன. அதற்கென்று ஒரு சீல், ஒரு ஸ்பிரிங், ஒரு கேபிள். முன் காலிப்பரில் இதெல்லாம் கிடையாது. துருப்பிடிக்க இடம் கூடக் கூட ஜாமும் கூடும்.

எங்க வீடு குளச்சல். உப்புக்காத்து அவ்வளவு கெடுக்குமா? எத்தனை மாசத்துக்கு ஒருக்கா கழட்டணும்?

கெடுக்கும். காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து, இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெறும் மழை நனைத்தால் வெயிலில் காய்ந்துவிடும். உப்பு படிந்த இடம் அவ்வளவு சீக்கிரம் காயாது. குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி மட்டுமில்லை, புத்தளம் உப்பளம் வழியாகத் தினம் போகிற வண்டிக்கும் இதே கதி. மீன் ஏற்றிய வண்டிக்குப் பின்னாலேயே போகிறீர்களே, அதிலிருந்து ஒழுகும் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான்.

என் கணக்கு இது. கடலோரம் என்றால் வருடம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து ஸ்லைடு பின்களுக்கு கிரீஸ் போட வேண்டும். மார்த்தாண்டம், திருவட்டாறு மாதிரி உள்பக்கம் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அல்லது பேட் மாற்றும்போதெல்லாம். நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இரண்டும் ஓய்ந்து தை பிறந்ததும் கழற்றுவது நல்லது.

ஓட்டும்போதே காலிப்பர் ஜாம்னு தெரியுமா?

தெரியும். வண்டி இழுக்காமல் கனமாக இருக்கும், மைலேஜ் குறையும், நியூட்ரலில் விட்டால் உருளாமல் சீக்கிரம் நின்றுவிடும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் லேசாக இழுக்கும். முற்றிவிட்டால் எரிந்த வாடை வரும், டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பத்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டிவிட்டு, அதிகம் பிரேக் பிடிக்காமல் நிறுத்துங்கள். இரண்டு பின் சக்கரங்களின் ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். வலதும் இடதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன் சக்கரத்தோடு ஒப்பிடாதீர்கள், அது எப்போதும் கூடுதலாகத்தான் சுடும்.

காலையில பாத்தா டிஸ்க் பூரா ஆரஞ்சு கலர்ல துரு. மாத்தணுமா?

வேண்டாம். மழையோ பனியோ பட்ட வார்ப்பிரும்பு ஒரே இரவில் அப்படி ஆகும். ஐந்தாறு முறை பிரேக் பிடித்தால் உரசிப் போய்விடும். போகாமல் பள்ளம் பள்ளமாக நின்றாலோ, பேட் படும் இடத்தில் பாதி மட்டும் பளபளத்து மீதி கறுத்துக் கிடந்தாலோ கவனிக்க வேண்டும். அந்தக் கறுத்த பகுதியில் பேட் படவே இல்லை என்று அர்த்தம். காலிப்பர் நகரவில்லை.

சார், இதை வீட்ல வச்சு நானே செய்யலாமா? என்னென்ன வேணும்?

கை வேலை பழகியவர் என்றால் பேட் மாற்றுவதும் ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்வதும் முடியும். ஜாக்கி, தாங்குவதற்கு இரண்டு ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச் (அளவு வைத்து போல்ட் முடுக்கும் ஸ்பேனர்), வயர் பிரஷ், பிரேக் கிளீனர், சிலிக்கான் கிரீஸ், பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளும் டூல், கட்டுக்கம்பி. ஆயில் லைனைக் கழற்றுகிற வேலை, அதாவது காலிப்பரையே மாற்றுவது, முதல் முறையாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் உள்ளே போகாது. அதனால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியர் போட்டிருக்கிறேன் என்று நம்பி இருக்காதீர்கள். பின் சக்கரம் இழுக்கிற வண்டியானால், தூக்கியதும் கியர் போட்டதில் பயன் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. நம் ஊர்ச் செம்மண் தரை மழைக்குப் பிறகு ஜாக்கியை விழுங்கும். அடியில் பலகை போடுங்கள்.

பேட் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனர் அடித்தோ, சோப்புத் தண்ணீரில் நனைத்தோ துடையுங்கள்.

யூடியூப்ல புதுப் பேட் போட சி-கிளாம்ப் (திருகி இறுக்குற பிடி) வச்சு பிஸ்டனை அமுக்குறாங்க. எனக்கு எவ்வளவு அமுக்கியும் பிஸ்டன் உள்ளே போகல. ஜாமா?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஜாம் இல்லை. நீங்கள் பார்த்தது முன் காலிப்பராக இருக்கும். அதை நேராக அமுக்கினால் போகும். ஹேண்ட் பிரேக் உள்ளே இருக்கிற பின் காலிப்பரில் பிஸ்டன் ஒரு திருகாணியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய அது தானாகவே திருகி வெளியே வரும். எனவே உள்ளே அனுப்பவும் திருகித்தான் அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு முரட்டுத்தனமாக அமுக்கினால் உள்ளே இருக்கும் மரை நசுங்கும். அப்புறம் புதுக் காலிப்பர்தான்.

பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள். கூட்டல் குறி மாதிரியோ, எதிரெதிரே இரண்டு குழியாகவோ வெட்டு இருந்தால் திருகுகிற வகை. டூலை அதில் பொருத்தி, ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே பொறுமையாகச் சுற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கடிகாரம் சுற்றும் திசை. சில வண்டிகளில் ஒரு பக்கக் காலிப்பர் மட்டும் எதிர்த்திசை. இறுக்கமாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு, உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துத் திசையை உறுதி செய்யுங்கள். சுற்றும்போது தூசி ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால் கிழியும். பிஸ்டனில் ரப்பர் ஒட்டும் இடத்தில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவிவிட்டு, அவ்வப்போது விரலால் நேர்ப்படுத்துங்கள்.

கடைசியில் ஒரு விஷயம் பலருக்குத் தவறும். உள்பக்க பேடின் முதுகில் சிறிய குமிழ் ஒன்று இருந்தால், அது பிஸ்டனின் வெட்டுக்குள் உட்கார வேண்டும். வெட்டை அதற்கு ஏற்ற நிலையில் நிறுத்துங்கள். குமிழ் வெளியே ஏறி நின்றால் பேட் சாய்ந்து, ஒரு ஓரம் மட்டும் தேயும். பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் பாத்திரத்தில் மட்டம் ஏறும். மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். வழிந்து பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.

என் வண்டில ஹேண்ட் பிரேக் லீவரே இல்ல, பட்டன்தான். அதுக்கும் இதே மாதிரியா?

இல்லை. அதில் காலிப்பரின் முதுகில் ஒரு மோட்டார் இருக்கிறது. ஸ்கேனர் மாட்டியோ, கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோனால்தான் மோட்டார் பின்வாங்கும். அதன் பிறகு பெரும்பாலும் பிஸ்டன் நேராகவே உள்ளே போகும். அதைச் செய்யாமல் அமுக்கினால் மோட்டாரோ உள்ளே உள்ள பல்சக்கரமோ போய்விடும். வேலை நடக்கும்போது யாரும் அந்தப் பட்டனைத் தொடக் கூடாது, பிள்ளைகளை வண்டிக்குள் விடாதீர்கள். ஸ்கேனர் இல்லாதவர்கள் இந்த வகையை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஸ்லைடு பின்னுக்கு என்ன கிரீஸ்? வீல் பேரிங் கிரீஸ் கெடக்கு, அது போதுமா?

போதாது, கெடுதலும்கூட. பேரிங் கிரீஸ் பெட்ரோலிய வகை. பின்னை மூடியிருக்கும் ரப்பர் அதில் ஊறி உப்பும். உப்பினால் பின்னை இறுக்கிப் பிடிக்கும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாமே ஜாம் செய்கிறோம். பிரேக்குக்கு என்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள். சின்ன டியூப் பல முறைக்கு வரும்.

முட்டத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் கீழ்ப் பின்னை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. ரப்பரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கிழிசல்தான். அதன் வழியாகத் தண்ணீர் போய், கிரீஸ் காய்ந்து பச்சை மெழுகு மாதிரி ஆகி, அதன் மேல் காபிப்பொடி மாதிரி துரு. மேல் பின் விரலால் தள்ளினாலே ஓடுகிறது. ஒரு பின் ஓடி ஒரு பின் நின்றதால் காலிப்பர் கோணலாக இழுத்து, பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் தேய்ந்து போயிருந்தது. கிழிந்த ரப்பரை அன்றே மாற்றியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

செய்முறை எளிது. பின்னை எடுத்து பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, துளையையும் துணி சுற்றிய குச்சியால் சுத்தம் செய்து, மெல்லிய படலமாகப் புதுக் கிரீஸ் தடவுங்கள். அள்ளி அப்பினால் காற்று அடைபட்டுப் பின் வெளியே தள்ளிக்கொண்டு வரும். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னில் குழி விழுந்திருந்தால் எமரி ஷீட் போட்டு ஒப்பேற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள். பேட் உட்காரும் தகட்டைக் கழற்றி அடியில் உள்ள துருவையும் வயர் பிரஷ்ஷால் சுரண்டுங்கள், அங்கேதான் பேட் சிக்கும். காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் (ஆயில் வரும் ரப்பர் குழாயில்) தொங்க விடாமல் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள்.

உள் பேட் தீந்துபோச்சு, வெளிப் பேட் புதுசு மாதிரி இருக்கு. உள்ளது மட்டும் மாத்தினா போதாதா?

நான்கையும் மாற்ற வேண்டும், வலது இடது இரண்டு பக்கமும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிடிப்பு மாறும். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றும் காலம். 2-க்குக் கீழே ஓட்டவே கூடாது.

ஆனால் பேட் மாற்றினால் மட்டும் தீராது. உள் பேட் மட்டும் தேய்ந்தால் காலிப்பர் வழுக்கவில்லை, அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. முந்தின பதிலில் சொன்ன ஸ்லைடு பின் வேலையைச் செய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

டிஸ்க்கை லேத்துல கொடுத்துத் தேச்சுக்கலாமா?

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சக் கனம் அச்சிட்டிருக்கும். பின் டிஸ்க் பெரும்பாலும் மெல்லிய ஒற்றைத் தட்டு. புதியதற்கும் அந்த எல்லைக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். லேத்தில் தேய்த்த பிறகும் எல்லைக்கு மேலே நிற்கும் என்றால் செய்யலாம். உப்பு தின்று குழி விழுந்த டிஸ்க் என்றால் நான் புதியது போடத்தான் சொல்வேன்.

பிரேக் ஆயில் லீக்கே இல்ல. பின்னே எதுக்கு மாத்தணும்?

அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உள்ள நம் ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் என்பது ஆயிலின் தர எண். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அதற்கான அளவு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. கோதையாறு மலையிலிருந்து பிரேக்கிலேயே இறங்கினால் அந்தச் சூடு வரக்கூடியதுதான். ஆயிலில் உள்ள நீர் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

ஈரம் ஏறிய ஆயில் பிஸ்டனையும் உள்ளிருந்தே துருவாக்கும். பல வண்டிகளுக்கு இரண்டு வருடக் கணக்கு. மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்று மட்டும் போட்டது சிலிக்கான் வகை, மற்றதோடு கலக்கக் கூடாது. திறந்து பாதி மிச்சம் வைத்த பழைய டின்னும் வேண்டாம்.

மக்கா, புதுக் காலிப்பர் மாட்டி ரெண்டு பாட்டில் ஆயில் ஊத்தி ஏர் எடுத்தாச்சு. பெடல் இன்னும் பஞ்சு மாதிரி இருக்கு!

முதலில் ஏர் எடுக்கும், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியே விடும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். வலதுக் காலிப்பரை இடது பக்கம் மாட்டினாலும் பல வண்டிகளில் பொருந்திவிடும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தேங்கும், கீழே திறந்தால் ஆயில்தான் வரும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அப்படியேதான் இருக்கும்.

நிப்பிள் சரியாக இருந்தால், பிஸ்டன் முழுக்க உள்ளே திருகியே கிடக்கிறதா என்று பாருங்கள். பெடலைப் பல முறை மெதுவாக மிதித்துக் கெட்டிப்படுத்தி, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுப் பாருங்கள். எந்தச் சக்கரத்தில் முதலில் ஏர் எடுப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும்.

பேட் மாத்தினதுல இருந்து ஹேண்ட் பிரேக் ரொம்ப மேல வருது. கேபிளை இறுக்கிடவா?

பொறுங்கள். இப்போது சொன்னபடி பெடலை மிதித்து பிஸ்டனைப் பேடுக்கு அருகே கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். முதலிலேயே கேபிளை இறுக்கினால் காலிப்பரில் உள்ள லீவர் முழுக்கத் திரும்பாது, பேட் எப்போதும் உரசும், பேட் தேய்வதற்கு ஏற்ப பிஸ்டன் தானாக முன்னே வரும் வேலையும் கெடும். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் அந்த லீவர் தன் முட்டுக்கு வந்து நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கேபிள் உறைக்குள் துரு, கேபிளைத்தான் மாற்ற வேண்டும்.

புதுப் பேடுக்கு முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பட்டென்று பிரேக் அடிக்காமல் ஓட்டுங்கள். லேசான வாடை முதல் நாள் வருவது சகஜம்.

மகன் கல்ஃபுல இருக்கான். வண்டி ஆறு மாசமா ஷெட்லயே நிக்கி. வந்ததும் எடுத்து ஓட்டலாமா?

நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படி உறை போட்டு வண்டி நிற்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பேடும் டிஸ்க்கும் துருவில் ஒட்டியிருக்கும். முதல் கியரில் லேசாக முன்னே, ரிவர்ஸில் லேசாகப் பின்னே அசைத்துப் பாருங்கள். டப்பென்று ஒரு சத்தத்தோடு விட்டுவிட்டால் சரி. விடாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். பேடின் பூச்சு டிஸ்க்கிலேயே பிய்ந்து நிற்கும். சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.

இனி நிறுத்தும்போது சமதளத்தில் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். கழுவின கையோடு மூடி வைக்க வேண்டாம். ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வைத்துவிட்டு மூடுங்கள். வாரம் ஒரு முறை சந்தை வரை யாராவது ஓட்டினால் அதைவிட நல்லது.

ரிப்பேர் கிட் போடலாமா, முழுசா மாத்தணுமா?

பிஸ்டன் வழவழப்பாக இருந்து, சீல் மட்டும் போயிருந்தால் சீலும் ரப்பரும் உள்ள கிட் போதும், செலவும் குறைவு. பிஸ்டனில் நகம் ஓட்டிப் பார்த்தால் தட்டுகிற அளவுக்குத் துருக்குழி இருந்தாலோ, காலிப்பரில் உள்ள ஹேண்ட் பிரேக் லீவரின் அடியில் ஆயில் கசிந்தாலோ முழுக் காலிப்பர்தான். பழைய இரும்புக் கடைக் காலிப்பரை நான் மாட்டுவதில்லை. உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, பின், பிஸ்டன், கேபிள் எல்லாம் சரி. பின்னாடி வலது சக்கரம் மட்டும் இன்னும் சுடுது. என்னதான் காரணம்?

பிரேக் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள் ரப்பர் வீங்கி வழி அடைத்திருக்கும். மிதிக்கும்போது வேகமாக வரும் ஆயில், விட்ட பிறகு திரும்பிப் போக முடியாமல் காலிப்பருக்குள்ளேயே அழுத்தமாக நிற்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். பெடலை நாலைந்து முறை மிதித்து விட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருக்கும்போதே, நிப்பிளில் டியூப் மாட்டிக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே லேசானால் அழுத்தம் அடைபட்டிருந்தது என்று அர்த்தம். அந்தப் பக்கம் மட்டும்தான் என்றால் ஹோஸ். இரண்டு பின் சக்கரமும் அப்படியே என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தை, பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வரை பார்க்க வேண்டும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இளகவில்லை என்றால் கோளாறு இன்னும் காலிப்பருக்குள்ளேதான் இருக்கிறது, பிஸ்டனை மறுபடி வெளியே எடுத்துப் பாருங்கள். ஹோஸ் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டும் ஒரே வயது, ஒரே உப்புக்காற்றில் கிடந்தவை. மாற்றிய பின் ஏர் எடுத்து, முன்பு சொன்ன பத்து கிலோமீட்டர் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.